ஐப்பசியில் பூங்காவின் பின்மூலை

சேலத்தில் பறவை பார்க்கவேண்டும் என்றால் எல்லோரும் மூக்கனேரிக்குத்தான் கைகாட்டுவார்கள். தப்பில்லை. ஏரிக்கு நடுவே மண்திட்டுகளில் மரம் வளர்ந்து, கொக்கும் நீர்க்காகமும் அடைகிற இடம். ஆனால் ஐப்பசி பிறந்துவிட்டால் எனக்கு அஸ்தம்பட்டி பக்கம் எங்கள் தெருமுனைப் பூங்காவே போதும். நடைபாதை, சறுக்குமரம், கிறீச்சிடும் உடற்பயிற்சிக் கருவிகள், அவ்வளவுதான். எனக்கு வேண்டியது அதன் பின்மூலை. காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, புங்கையும் வேம்பும் கொட்டிய சருகு கணுக்கால் உயரத்துக்குக் கிடக்கிறது. மழையில் ஊறிய சருகைக் கிளறினால் மண்புழுவும் பூச்சியும் கிடைக்கும். அதற்காகவே ஆறுமணிக்குருவி வந்து இறங்குகிறது.

மைனாவைவிடச் சின்னது. வால் இருக்கிறதா என்று தேடவேண்டும். முதுகு பச்சை, இறக்கையில் நீலம், வயிறு சந்தன நிறம், வாலடியில் குங்குமச் சிவப்பு, கண் வழியாக ஒரு கறுப்புப் பட்டை. இத்தனை நிறத்தையும் வைத்துக்கொண்டு சருகுக்குள் நின்றால் கண்ணுக்கே தெரியாது. நாலு தத்து தத்தும், அலகால் ஓர் இலையைப் புரட்டி எறியும், அப்புறம் அசையாமல் நிற்கும். விடியும்போதும் அந்தி சாயும்போதும் இரண்டு சுரத்தில் ஒரு விசில். அதைக் கேட்டுத்தான் இடம் பிடிக்கவேண்டும்.

நான் சுவரோரம் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, பெருக்குகிற அக்கா வந்து, “என்னங்க மேடம், பாம்புங்களா?” என்றார். கையைக் காட்டினேன். “அட, இதுங்களா! இது வருசா வருசம் வருமுங்க. இது கத்துறப்பதான் நான் வெளக்குமாத்தையே கையில எடுக்கறது.” அந்த மூலையை மட்டும் கூட்டாமல் விடச் சொன்னேன். சரி என்றார். நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர்களுக்குத்தான் மனசில்லை. சருகு என்றாலே பாம்பு என்கிறார்கள். மூட்டை கட்டிக் கொளுத்திவிட்டால் பூங்கா சுத்தமாகிவிடும், குருவிக்குச் சாப்பாடும் போய்விடும்.

இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிற பறவை இது. இலங்கை வரைக்கும் போகும். பயணம் ராத்திரியில் என்பதால் வெளிச்சத்தில் குழம்பி ஜன்னல் கண்ணாடியில் மோதிக்கொள்வதும், களைத்துப்போய் கார் ஷெட்டில் விழுந்து கிடப்பதும் உண்டு. அப்படிக் கிடைத்தால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் வைத்து மூடி, சத்தமில்லாத இடத்தில் விடுங்கள். தெளிந்ததும், பக்கத்தில் மரங்கள் இருக்கும் இடமாகப் பார்த்துத் திறந்துவிடலாம். இறக்கை தொங்கினால் வனத்துறைக்குச் சொல்லிவிடவேண்டும்.

புங்க மரத்து உச்சியில் இலைக் கதிர்க்குருவியும் வந்தாகிவிட்டது. பத்து கிராம் தேறாத உடம்பு, பார்ப்பதற்கும் ஒன்றுமில்லை. கழுத்து வலிதான் மிச்சம். வேலிக்கம்பியில் பழுப்புக் கீச்சான்.

மழை விட்டால் ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு. காபிச் செடிகளின் நிழலில் கொடிக்கால் வாலாட்டியைப் பார்க்கவேண்டும். மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும். இது மட்டும் பக்கவாட்டில், பின்னுடம்பையும் சேர்த்து ஆட்டுகிறது. அதற்காக இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறலாம், தலைசுற்றினாலும் பரவாயில்லை.

எங்கள் பூங்காவுக்கு வருகிறவர்கள் ஆறு மணிக்கு முன்னால் வாருங்கள். ஆறரைக்கு ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டுவிடுவார்கள். அப்புறம் விசிலாவது ஒன்றாவது!