வேலியோர நிழலுக்கு ஐப்பசியில் நடுங்கள்

லண்டனுக்குப் புதிதாக வந்து வீடு எடுப்பவர்கள் முதல் வசந்தத்திலேயே பச்சைமிளகாய்க் கன்றும் வெண்டிக் கன்றும் வாங்கிப் பின்வளவு வேலியோரத்தில் நட்டுவிடுகிறார்கள். ஓகஸ்டில் கன்று வெளிறி, நெட்டையாகி, பூவில்லாமல் நிற்கும். வேலி வடக்குப் பார்த்திருந்து, அயல்வீட்டு சிக்கமோர் மரமும் மேலே கவிந்திருந்தால் அங்கே மிளகாய் சரிவராது. அதைச் சாடியில் வைத்து வெயில் படும் பக்கம் கொண்டுபோங்கள்.

ஊரில் நிழல் என்றால் ஈரம். வாழையடியும் கிணற்றடியும் எப்போதும் குளிர்ந்திருக்கும். இங்கே வேலியடி நிழல் காய்ந்த நிழல். மழைக்காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து அடிப்பதால் வடக்கும் கிழக்கும் பார்த்த சுவரடியில் மழை குறைவாகத்தான் விழும். அதிலும் ஒரு பங்கை இலைகள் தடுத்துவிடும், இன்னொரு பங்கை மரவேர் உறிஞ்சிவிடும். கோடை மழை விட்டதும் விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள்: மேலே ஈரம், கொஞ்சம் கீழே புழுதி.

அதனால் தாகம் தாங்கும் காட்டுச்செடிகளையே தேடவேண்டும். முன்வரிசைக்கு ஜெரேனியம் மக்ரோரைசம். லேபலில் அந்த முழுப்பெயர் இருக்கவேண்டும். கோடையில் ‘ஜெரேனியம்’ என்று விற்கும் சிவப்புப் பூச்செடி வேறு, உறைபனியில் செத்துவிடும். நடுவில் எப்பிமீடியம். பின்னால் சார்க்கோகொக்கா: தை மாதக் குளிரில் அதன் சின்ன வெள்ளைப் பூ வாசம் கதவடிவரை வரும்.

சைக்கிளமன் ஹெடரிஃபோலியம் இந்த இடத்துக்கென்றே பிறந்த செடி. மரம் தழைத்து நீரையெல்லாம் குடிக்கும் கோடையில் இது இலையின்றிக் கிழங்காக மண்ணுக்குள் உறங்கும். கோடை முடிய முதலில் பூ வரும், பிறகு வரும் இலை மாரி முழுவதும் நிற்கும். காய்ந்த கிழங்கு வாங்குபவர்கள் அதைத் தலைகீழாக நட்டுவிடுவதுண்டு. இந்த இனத்தில் வேர் மேற்புறத்திலும் பக்கங்களிலும்தான் வரும், அடி வழவழவென்று உருண்டிருக்கும். இலையோடு சாடியில் வாங்கினால் அந்தக் குழப்பம் இல்லை. நத்தார்க் காலத்தில் கடைகளில் விற்கும் பெரிய பூ சைக்கிளமன் வீட்டுக்குள் வைக்கும் இனம். வெளியே நடவேண்டாம்.

நடுகைக்கு நம் ஐப்பசிதான் இங்கும் காலம், அதாவது ஒக்டோபர் நடுப்பகுதியிலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரை. மண்ணில் இன்னும் சூடு இருக்கும், மழையும் தொடங்கியிருக்கும். கோடைக்கு முன் வேர் பிடித்துவிடும். 9 சென்ரிமீற்றர் சாடிக் கன்றே போதும். பெரிய கன்றுக்குப் பெரிய குழி வெட்டவேண்டும், மரவேர் அதற்கு இடம் தராது. கைக்கரண்டியால் தோண்டுங்கள். விரல் தடிப்புக்கு மேற்பட்ட வேர் வந்தால் வெட்டாமல் குழியைத் தள்ளி எடுங்கள். நடுமுன் சாடியை வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி நிற்கும்வரை விடுங்கள்.

நட்டபின் 5 சென்ரிமீற்றருக்கு மக்கிய சருகு பரப்புங்கள், ஆனால் மரத்தடியையும் கன்றுத் தண்டையும் தொடாமல். மண் மோசமென்று அடிமரத்தைச் சுற்றி மூட்டை மூட்டையாக மண் கொட்டுவது பெரிய பிழை; வேருக்குக் காற்றில்லாமல் மரமே பட்டுப்போகலாம்.

முதல் இரண்டு கோடையும் மழையில்லாத வாரங்களில் கன்றுக்கு 2 லீற்றர், ஒரே தடவையில், மெதுவாக ஊற்றுங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் வேர் மேலேயே படர்ந்து காய்ந்துவிடும். ஹோஸ் தடை (வறட்சியில் ஹோஸ் குழாயால் தோட்டத்துக்குத் தண்ணீர் விடக்கூடாதென்ற தடை) வரும் கோடைக்கென்று கூரைத் தண்ணீர்க் குழாயடியில் 200 லீற்றர்ப் பீப்பா ஒன்றை இப்போதே வைத்துவிடுங்கள்.

எப்பிமீடியத்தின் பழைய இலைகளைப் பெப்ரவரியில் அடியோடு கத்தரியுங்கள். பிந்தினால் இலையோடு மொட்டும் அறுபடும்.