ஒசாமாவின் அண்ணன்

மக்கா மணிக்கூண்டுப் படத்தை இன்றைக்குப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உயரம் 601 மீட்டர். கடிகார முகம் மட்டுமே 43 மீட்டர் அகலம். கீழே தொழுகிறவர்கள் வெறும் புள்ளிகள்.

கட்டியது சவூதி பின்லாடின் குழுமம். பல வருடம் அதன் தலைவர் பக்ர் பின்லாடின், அமெரிக்காவில் படித்த சிவில் இன்ஜினியர். அப்பா 1967ல் விமான விபத்தில் போனார். அண்ணன் சாலிமும் 1988ல் டெக்சாஸில் சின்ன விமானம் விழுந்து இறந்தார். மொத்தப் பொறுப்பும் பக்ர் தலையில்.

ஆனால் உலகத்துக்கு அவர் ஒசாமாவின் அண்ணன், அவ்வளவுதான். ஒரே அப்பா, வேறு அம்மா. 1994லேயே "எங்கள் குடும்பம் அவனைக் கண்டிக்கிறது" என்கிற மாதிரி பகிரங்கமாக அறிக்கை விட்டவர் இவர். யார் காதில் விழுந்தது? எனக்கு இதுதான் மனசைப் பிசைகிறது.

2015 செப்டம்பர் 11ல் அந்த நிறுவனத்தின் கிரேன் மக்கா பள்ளிவாசலில் சரிந்து 100 பேருக்கு மேல் இறந்தார்களே, அதற்கு நிறுவனத்தைக் கேளுங்கள், நியாயம். தம்பி செய்ததற்கு அண்ணனைக் கேட்பது எந்த ஊர் நியாயம்?

2017 நவம்பரில் ஊழல் விசாரணை என்று அவரை ரியாத்தில் பிடித்துவைத்தார்கள். நான் படித்த செய்தியில் அப்போதும் தம்பி பெயர்தான் முதலில் இருந்தது.