பச்சை பட்டனை நம்பினேன்

யூரோ புழங்கும் நாட்டுக்கு நானும் மனைவியும் முதன்முறையாகப் போயிருந்தோம். இறங்கிய அன்றே கடையில் ஒரு சட்டை வாங்கிவிட்டுக் கார்டை நீட்டினேன். கடைக்காரர் மெஷினை என் பக்கம் திருப்பினார். திரையில் இரண்டு தொகைகள். மேலே நம் நாட்டுப் பணத்தில், பச்சைக் கட்டத்துக்குள், பைசா சுத்தமாக ஒரு கணக்கு. கீழே யூரோவில், சாம்பல் நிறத்தில், கல்யாண வீட்டில் யாரும் கண்டுகொள்ளாத சித்தப்பா மாதிரி இன்னொன்று.

கடல் கடந்து வந்த இடத்தில் ஒரு மெஷின் நம் பணத்தின் பெயரைச் சொல்லி அழைத்தால் மனசு இளகாமல் என்ன செய்யும்? போதாததற்கு எனக்குப் பெருக்கல் வாய்ப்பாடு எப்போதுமே தகராறு. பச்சையை அழுத்தினேன்.

"எவ்வளவு வசதி பாத்தியா? மனக்கணக்கே போட வேண்டாம்" என்றேன்.

"சும்மாவா போட்டுக் குடுப்பாங்க?" என்றாள்.

இவளுக்கு எதிலும் சந்தேகம் என்று விட்டுவிட்டேன். அடுத்த மூன்று நாள் ரயில் டிக்கெட், அருங்காட்சியகம், காபி என்று போன இடமெல்லாம் பச்சைதான்.

நான்காம் நாள் இரவு தூக்கம் வரவில்லை. பாக்கெட்டில் இருந்த ரசீதுகளை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். ஒன்றில் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் ஒரு வரி: ஐரோப்பிய மத்திய வங்கியின் ரேட்டுக்கு மேல் 6 சதவீதத்துச் சொச்சம். படம் எடுத்து அக்கா மகனுக்கு அனுப்பினேன். அவன் வங்கியில் கார்டு பிரிவில் வேலை பார்க்கிறான். உடனே கூப்பிட்டான்.

"மாமா, எத்தனை நாளா இப்படி?"

டாக்டர் இருமலைப் பற்றிக் கேட்கிற தொனி. நான்கு நாளாக என்றேன். அந்தப் பக்கம் பெருமூச்சு.

கடையிலேயே நம் பணத்துக்கு மாற்றித் தரும் இந்த வேலைக்கு டைனமிக் கரன்சி கன்வர்ஷன் என்று பெயராம். யூரோவை அழுத்தியிருந்தால் தொகை யூரோவாகவே விசா, மாஸ்டர்கார்டு மாதிரி கார்டு நிறுவனத்துக்குப் போய், வங்கிகள் தங்களுக்குள் பணம் மாற்றும் மொத்தச் சந்தை ரேட்டை ஒட்டிய ரேட்டில் மாறும். அதன் மேல் நம் வங்கி தன் பங்குக்குத் தொகையில் இத்தனை சதவீதம் என்று ஒரு கட்டணம் போடும். பச்சையை அழுத்தினால் மாற்றுகிற வேலையைக் கடைப் பக்கம் இருக்கும் மெஷின்காரர்களே எடுத்துக்கொள்வார்கள். ரேட்டை வைப்பவர்களும் அவர்கள்தான். அதில் கிடைப்பதில் கடைக்கும் பங்கு போவதுண்டு. ஆகக் கடைக்காரரின் அந்தப் புன்னகை முழுக்க முழுக்க என் அழகுக்காக வந்ததில்லை.

"சரிடா, நம்ம வங்கிக் கட்டணமாவது மிச்சந்தானே?" என்று ஒரு துரும்பைப் பிடித்தேன்.

"அதுவும் உறுதி இல்ல மாமா. நம்ம பணத்துலயே கட்டுனாலும் கடை வெளிநாட்டுல இருக்குன்னு சில வங்கிங்க தனியா ஒண்ணு போடும்."

அந்த எறும்பு வரிக்கும் ஒரு கதை உண்டு. 2019-ல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு விதி கொண்டுவந்தது. அதன்படி 2020 ஏப்ரலிலிருந்து கடை மெஷினும் ஏடிஎம்மும் இந்த மாற்றுக் கட்டணம் ஐரோப்பிய மத்திய வங்கி ரேட்டுக்கு மேல் எத்தனை சதவீதம் என்பதை, நாம் பணம் கட்டும் முன்பே காட்டியாக வேண்டும். காட்டியும் இருக்கும். நான்தான் பச்சையைத் தவிர எதையும் பார்க்கவில்லையே.

மறுநாள் ஏடிஎம்முக்குப் போனோம். திருந்திய மனிதனாக நின்றேன். முதல் திரையில் ஏடிஎம் கட்டணம் பற்றிக் கேட்டது. அது வேறு கணக்கு, கன்வர்ஷனை மறுத்தாலும் அது போகாது. ஒப்புக்கொண்டேன். அடுத்த திரையில் உத்தரவாதமான ரேட் என்று கொட்டை எழுத்து, கீழே இரண்டு பட்டன்: 'கன்வர்ஷனை ஏற்கிறேன்', 'கன்வர்ஷனை மறுக்கிறேன்'. மறுத்தால் பணம் வராதோ, கார்டையே விழுங்கிவிடுமோ என்று விரல் அந்தரத்தில் நின்றது. பின்னால் நான்கைந்து பேர். யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"என்னங்க, வெடிகுண்டா எடுக்குறீங்க?" என்றாள் மனைவி.

கண்ணை மூடிக்கொண்டு மறுத்தேன். மெஷின் விடவில்லை. 'நிச்சயமாகவா?' என்ற தோரணையில் இன்னொரு திரை. பந்தியில் போதும் போதும் என்றாலும் இலையில் தள்ளுகிற உபசாரம். இலையை மடக்குகிற மாதிரி இன்னொரு தடவை மறுத்தேன். பணம் பாட்டுக்கு வந்தது, யூரோவில் கேட்ட தொகை அப்படியே. மறுத்தது கன்வர்ஷனை மட்டும்தான், பணத்தை இல்லை. இந்தச் சின்ன விஷயம் புரிய எனக்கு ஐந்து நாள் ஆகியிருக்கிறது.

அதன் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. கார்டை எடுக்கும் முன்பே "யூரோ, யூரோ" என்று ஏலம் விட ஆரம்பித்தேன். ஹோட்டலைக் காலி செய்யும் அன்று வரவேற்பில் இருந்த பையன் எதுவும் கேட்காமல் தானே எதையோ தட்டிவிட்டு ரசீதை நீட்டினான். பார்த்தால் நம் நாட்டுப் பணம்! தேர்வு கார்டு வைத்திருப்பவருடையது, அவரைக் கேட்காமல் மாற்றக் கூடாது என்று அக்கா மகன் சொல்லியிருந்தான். அதை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், கையை ஆட்டிச் சொன்னேன். பையன் முகம் சுளிக்காமல் அதை ரத்து செய்து யூரோவில் மறுபடி போட்டான். உலகக் கோப்பையை வாங்கிய மாதிரி அந்த ரசீதைத் தூக்கிக் காட்டினேன். மனைவி வேறு யாரோ மாதிரி பெட்டியைத் தள்ளிக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டாள்.

அந்த முதல் நாள் சட்டை மட்டும் என்னைப் பழிவாங்கியது. தோளில் இறுக்கம். கிளம்பும் முன் அதே கடையில் திருப்பிக் கொடுத்தேன். பணம் கார்டுக்கே வந்துவிடும் என்றார்கள். வந்தது, ஆனால் கொடுத்ததைவிடக் குறைவாக. வாங்கிய அன்று ஒரு ரேட், திருப்பிய அன்று ஒரு ரேட். ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போகாமலே வாடகை கொடுத்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். நம் பணத்தில் எவ்வளவு போகும் என்பது அந்த நிமிடமே தெரிந்துவிடுகிறது, அது மட்டும் பச்சையின் பக்கம். ஆபீஸ் செலவில் போகிறவர்கள் கணக்குக் காட்ட அது உதவலாம். என் செலவை யாரும் எனக்குத் திருப்பித் தரப்போவதில்லை.

ஊர் திரும்பி விமான நிலையத்தில் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கினோம். கல்லாவில் இருந்த பெண் கார்டா, கேஷா என்று கேட்க வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"லோக்கல் கரன்சி! கன்வர்ஷன் வேண்டாம்!"

அவர் என்னைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மனைவி மெதுவாகச் சொன்னாள்: "அவர் இப்பதாங்க வெளிநாட்டுலருந்து வர்றாரு. ரெண்டு நாள்ல சரியாயிடும்."