வண்ணத்துப்பூச்சிகளை அடையாளம் காண ஒரு திறவுகோல்: மூன்றாவது முயற்சி

நான் எடுத்து வைத்திருந்த வண்ணத்துப்பூச்சிப் படங்களில் தெளிவான 40 படங்களைப் பொறுக்கி அச்செடுத்து, ஒவ்வொன்றும் எந்தக் குடும்பம், எந்தப் பேரினம், எந்தச் சிற்றினம் என்று நானே கண்டுபிடிப்பது என்று போன மாதம் உட்கார்ந்தேன். படத்தைச் செயலியில் போட்டால் நொடியில் பெயர் வந்துவிடும். ஆனால் ஏன் அந்தப் பெயர் என்பது தெரியாது, எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

முதல் முயற்சியில் நிறத்தை வைத்துப் பிரித்தேன். வெள்ளை ஒரு குவியல், கருப்பு ஒரு குவியல், ஆரஞ்சு ஒரு குவியல். ஆரஞ்சில் 7 படங்கள் விழுந்தன, ஏழுக்கும் வெந்தய வரியன் என்று எழுதி முடித்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தபோதுதான் பின்னிறகு கண்ணில் பட்டது. ஐந்து படங்களில் பின்னிறகின் நடுவில் மூன்று கரும்புள்ளிகள், மீதி இரண்டில் நடுவில் ஒன்றுமே இல்லை, மேல் விளிம்பை ஒட்டி ஒரே ஒரு புள்ளி. அந்த இரண்டும் ஹைப்போலிம்னாஸ் மிசிப்பஸ் என்ற வேறு பூச்சியின் பெண். வெந்தய வரியனைத் தின்ற பறவை அதன் கெட்ட சுவையால் அடுத்த முறை அதைத் தொடாது, அந்தப் பாதுகாப்புக்காக மிசிப்பஸின் பெண் அதே வேடத்தில் திரிகிறது. ஆணோ கருப்பு, ஒவ்வொரு பக்கமும் ஊதா ஓரமிட்ட வெள்ளைத் திட்டுகள். அந்த ஆண் என் கருப்புக் குவியலில் கிடந்தது! ஒரே சிற்றினத்தின் ஆணையும் பெண்ணையும் இரண்டு குவியலாகப் பிரித்துவிட்டு, வேறு பேரினத்தைக் கொண்டுவந்து பெண்ணோடு சேர்த்திருக்கிறேன். நிறத்தை அன்றோடு விட்டேன்.

இரண்டாவது முயற்சி, ஒவ்வொரு படியிலும் இரண்டே வழி உள்ள திறவுகோல். உணர்கொம்பின் நுனி கொக்கி போல் வளைந்திருக்கிறதா? ஆம் என்றால் தாவி என்ற குடும்பம். இல்லை, குண்டாந்தடி போல் முடிகிறது என்றால் அடுத்த கேள்வி: நடப்பதற்கு எத்தனை கால்? நாலு கால் என்றால் வரியன் குடும்பம், ஏனென்றால் அதன் முன்கால்கள் சிறுத்து மார்போடு ஒட்டிக் கிடக்கும். வெந்தய வரியனும் மிசிப்பஸும் இந்தப் படியில் ஒன்றாகவே வந்து நிற்கின்றன, அது சரிதான், இரண்டும் ஒரே குடும்பம், துணைக்குடும்பம்தான் வேறு. ஆறு காலில் நடக்கிறது, பின்னிறகின் உள்விளிம்பு குழிந்திருக்கிறது என்றால் அழகி குடும்பம். இன்னொரு குடும்பமான வெள்ளையன்களுக்குக் கால் நகம் பிளவுபட்டிருக்கும் என்று படித்தேன், ஆனால் என் படங்களில் நகம் தெரியவே இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல் கால்தான். பாதிப் படங்கள் மேலிருந்து எடுத்தவை, இறகு எல்லாவற்றையும் மறைத்துவிடுகிறது.

அதனால் மூன்றாவது முயற்சி. தரையோடு தரையாகப் படுத்து, பூச்சியின் பக்கவாட்டிலிருந்து மறுபடி எடுத்தேன். பொறுமை வேண்டும், ஆனால் தேன் குடிக்கும்போது அவை ஓரளவு அசையாமல் நிற்கின்றன. இப்போது 40ல் 31 படங்கள் எந்தக் குடும்பம் என்பது வரை தெளிவாகிவிட்டது.

அப்புறம் பெயர் எழுதும் வேலை. எலுமிச்சை இலை தின்னும் புழுவிலிருந்து வரும் அழகிக்குப் பாபிலியோ டெமோலியஸ் லின்னேயஸ், 1758 என்று எழுத வேண்டும்: பேரினம், சிற்றினம், முதலில் பெயரிட்டவர், ஆண்டு. வெந்தய வரியனுக்கு டனாஸ் கிரைசிப்பஸ் (லின்னேயஸ், 1758). ஒன்றில் அடைப்புக்குறி இல்லை, இன்னொன்றில் இருக்கிறது. அச்சுப்பிழை என்று நினைத்து நான்கைந்து இடங்களில் ஒப்பிட்டேன், எல்லா இடத்திலும் அப்படியே. காரணம் தெரிந்தபோது உண்மையிலேயே சிலிர்த்துப்போனேன். 1758ல் ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் வண்ணத்துப்பூச்சிகள் எல்லாவற்றையும் பாபிலியோ என்ற ஒரே பேரினத்தில் போட்டிருந்தார். டெமோலியஸ் இன்றும் அங்கேயே இருக்கிறது. கிரைசிப்பஸைப் பின்னால் வந்தவர்கள் டனாஸுக்கு மாற்றினார்கள். முதலில் பெயரிட்டவரின் பெயர் அப்படியே நிற்கும், ஆனால் அவர் வைத்த பேரினத்தில் இப்போது அது இல்லை என்பதைத்தான் அந்த அடைப்புக்குறி சொல்கிறது. விலங்குகளுக்கு இதுதான் விதி. மிசிப்பஸுக்கும் அதே கதை, (லின்னேயஸ், 1764). இடம் மாறினாலும் இரண்டாவது சொல் கூடவே போகிறது, பழைய நூல்களில் பாபிலியோ மிசிப்பஸ் என்று தேடினால் இதே பூச்சி கிடைக்கும்.

மிச்சம் 9 படங்கள். அவற்றில் நாலு, நீலன் என்ற குடும்பத்துச் சின்னப் பூச்சிகள் போலத் தெரிகின்றன, இறகின் அடிப்பக்கப் புள்ளிகளை எண்ணாமல் சிற்றினம் சொல்ல முடியாது. திறவுகோலின் நான்காவது படியை அடிப்பக்கத்தை வைத்தே மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன், அதற்கு இறகை மூடி உட்கார்ந்திருக்கும் படங்கள் இன்னும் வேண்டும்.