வாதாபிக்கு நுழைவுச்சீட்டு 25 ரூபாய்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். ஆகவே செலவைத்தான் முதலில் சொல்ல வருகிறது. போன ஜனவரியில் அண்ணியும் நானும் ஏழு நாள் வட கர்நாடகத்தைச் சுற்றிவிட்டு வந்தோம். அறை வாடகை 4,250. ரயில் 2,800. பஸ், ஆட்டோ 1,500. சாப்பாடு 2,200. நுழைவுச்சீட்டு 290. ஆக மொத்தம், இரண்டு பேருக்கும் சேர்த்து 11,040 ரூபாய். சங்கத்தில் உடன் வேலை செய்கிறவர்களிடம் சொன்னபோது யாரும் நம்பவில்லை. ஊட்டியில் மூன்று நாள் இருந்துவிட்டு வந்தாலே அதற்குமேல் ஆகும் என்றார்கள்.

கர்நாடகம் என்றால் நம்மவர்கள் மைசூர், குடகு, மிஞ்சினால் ஹம்பி என்று போகிறார்கள். ஹம்பியிலிருந்து இன்னும் நான்கு மணி நேரம் வடக்கே போனால் பாதாமி வந்துவிடும் என்பது எனக்கும் நெடுநாள் தெரியாது. பாதாமி என்ற பெயர்தான் தெரியாதே தவிர, ஊர் தெரியும். நமக்கு அது வாதாபி. குழந்தைக்குப் பால் புகட்டியதும் வயிற்றைத் தடவி "வாதாபி ஜீரணம்" என்று சொல்லாத பாட்டி எங்கள் தெருவில் கிடையாது.

பெங்களூரிலிருந்து கோல் கும்பஸ் எக்ஸ்பிரஸில் இரவு ஏறிக் காலையில் பாதாமியில் இறங்கினோம். ஸ்டேஷனுக்கும் ஊருக்கும் 5 கிலோமீட்டர் தூரம்; பங்கு ஆட்டோக்கள் காத்திருக்கின்றன. அண்ணிக்குப் பிறந்த வீடு ஓசூர். கன்னடம் நன்றாகப் பேசுவார். இந்தப் பயணத்தின் பாதி வசதி அவருடைய நாக்கில்தான் இருந்தது.

பாதாமியைப் பற்றி யாராவது கேட்டால், மாலை நான்கு மணிக்குக் குளக்கரையில் போய் உட்காருங்கள் என்றுதான் சொல்வேன். நடுவே அகத்தியர் தீர்த்தம். மூன்று பக்கமும் செம்மணற்கல் குன்றுகள். கிழக்குக் கரையில் பூதநாதர் கோயில். படிக்கட்டில் பெண்கள் துணி துவைக்கிறார்கள், பிள்ளைகள் குதித்து நீந்துகிறார்கள். வெயில் சாயச் சாயக் குன்று காவியிலிருந்து குங்கும நிறத்துக்குப் போகிறது. இதைப் பார்க்க டிக்கெட் கிடையாது. குடைவரைகளுக்கு மட்டும் 25 ரூபாய்.

குடைவரை நான்கு. முதலாவதில் பதினெட்டுக் கை நடராசர். பக்கத்தில் நின்ற பள்ளிப் பிள்ளைகள் எந்த இரண்டு கை சேர்ந்தால் என்ன முத்திரை என்று விரல் நீட்டி எண்ணிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது குடைவரைதான் பெரியது. 578-இல் சாளுக்கிய மங்களேசன் வெட்டுவித்தது என்று கல்வெட்டே ஆண்டு சொல்கிறது. மாமல்லபுரத்து மண்டபங்களுக்கு இது மூத்தது. கீழே இறங்கும்போது குரங்குகள் அண்ணியின் பையிலிருந்த வாழைப்பழத்தைப் பறித்துக்கொண்டு போயின. பழத்தைப் பைக்குள் மறைத்தாலும் அவற்றுக்குத் தெரிந்துவிடுகிறது.

அன்றிரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. புது இடம் என்பதால் அல்ல. 642-இல் நரசிம்மவர்ம பல்லவன், சாளுக்கியரின் தலைநகராயிருந்த இந்த ஊரைப் பிடித்தான். படைநடத்திப் போன பரஞ்சோதி பின்னாளில் சிறுத்தொண்டர் ஆனார்; வாதாபியைத் துகளாக்கி, யானையும் குதிரையும் மணியும் பொன்னுமாக வாரிவந்தார் என்று பெரியபுராணம் பெருமையோடு சொல்கிறது. பள்ளியில் நானும் பெருமையோடுதான் படித்தேன். நரசிம்மவர்மனின் கல்வெட்டு ஒன்று, சிதைந்துபோய், பாதாமியிலேயே இருக்கிறது. ஆனால் குளக்கரையில் துணி துவைத்த பெண்களைப் பார்த்த பிறகு "துகள்" என்ற சொல் தொண்டையில் சிக்கிக்கொண்டது. துகளானது இந்தப் படிக்கட்டும் இந்தத் தெருக்களும்தானே. வென்றவர்களின் ஊரிலிருந்து வந்தவள் நான்.

மறுநாள் பஸ்ஸில் ஐஹொளே. கர்நாடகப் பெண்களுக்கு அரசு பஸ்ஸில் 2023 முதல் கட்டணம் கிடையாது. வெளிமாநிலத்தவர் என்பதால் நாங்கள் டிக்கெட் வாங்கினோம். பஸ் நிறையப் பெண்கள். சந்தைக்குப் போகிறவர்கள், மகள் வீட்டுக்குப் போகிறவர்கள், பெரும்பாலும் இல்கல் சேலையில். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவின் சிவப்பு முந்தானையில் வெள்ளைக் கோபுர வரிசை. என் கண் அந்த முந்தானை சேலையோடு சேரும் இடத்திலேயே நின்றுவிட்டது. அண்ணி கன்னடத்தில் கேட்டுச் சொல்ல, அந்த அம்மா சிரித்துக்கொண்டே முந்தானையை என் மடியில் விரித்துப் போட்டார். விரலால் தடவினேன். உடல் பாவு வேறு, முந்தானைப் பாவு வேறு. இழைக்கு இழை வளையம் போட்டுக் கோத்திருக்கிறார்கள். நம் ஊரில் பிட்னி என்கிறோமே, அதற்கு உறவு. அவர்கள் அதைத் தோபே தெனி என்கிறார்கள். என் அப்பா நாற்பது ஆண்டு தறிக்குழியில் உட்கார்ந்து செய்த வேலை இது. இன்னொரு பாஷையில், இன்னொரு பஸ்ஸில் அதைத் தொட்டுப் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை. குளேதகுட்டாவில் இறங்கிக்கொண்டார் அந்த அம்மா. ரவிக்கைக்கென்றே கண என்ற துணி நெய்கிற ஊர் அது. பஸ் நின்ற இரண்டு நிமிடத்தில் தறிச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கேட்டது.

ஐஹொளேயில் கோயில்கள் வீடுகளுக்கு நடுவில், வயலுக்கு நடுவில், ஆட்டுக்கொட்டிலுக்கு அடுத்தாற்போல என்று இறைந்து கிடக்கின்றன. ஒன்றுக்கு லாட்கான் கோயில் என்று பெயர். அதற்குள் குடியிருந்த ஒருவரின் பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. எனக்கு வேண்டியிருந்தது குன்றின்மேல் இருக்கும் மேகுடி சமணக் கோயில். அதன் சுவரில் ரவிகீர்த்தி 634-இல் எழுதிய கல்வெட்டு இருக்கிறது. சாளுக்கிய அரசன் இரண்டாம் புலிகேசியின் வெற்றிகளைப் பாடும் கவிதை அது. புலிகேசியின் படை கிளப்பிய புழுதிக்கு அஞ்சிப் பல்லவன் காஞ்சிபுரத்து மதிலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான் என்று அதில் வருகிறது. எங்கள் ஊர்ப் பெயர்! 600 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, ஒரு குன்றின் உச்சியில், நாங்கள் தோற்றுப்போன கதையாக. அது எழுதப்பட்டு எட்டே வருடத்தில் நரசிம்மவர்மன் இங்கே வந்து நின்றான்.

இந்தப் பகைக்கு ஒரு முடிவு பட்டடக்கல்லில் கிடைத்தது. பாதாமியிலிருந்து 22 கிலோமீட்டர், மலப்பிரபா ஆற்றங்கரை. 1987 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். டிக்கெட் 40 ரூபாய். அங்கே விரூபாட்சர் கோயில் முன்னால் நின்றதும் அண்ணி, "என்ன, நம்ம கைலாசநாதர் மாதிரி இருக்கிறதே" என்றார். படித்துவிட்டு வந்தவள் நான். பார்த்ததும் சொன்னவர் அவர்.

இரண்டாம் விக்கிரமாதித்தன் என்ற சாளுக்கிய அரசன் எட்டாம் நூற்றாண்டில் காஞ்சியைப் பிடித்தான். வாதாபிக்குப் பழிவாங்க வேண்டுமென்றால் அதுதான் நேரம். அவன் கைலாசநாதர் கோயிலுக்குள் போய், அதன் செல்வத்தைப் பார்த்துவிட்டு, எடுத்துக்கொள்ளாமல் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான். அதைக் கன்னடத்தில் அங்கேயே ஒரு தூணில் பொறித்தும் வைத்தான். பிறகு அவனுடைய அரசி லோகமாதேவி, காஞ்சி வெற்றியின் நினைவாகப் பட்டடக்கல்லில் இந்தக் கோயிலை எழுப்பினாள். வென்ற ஊரின் கோயிலைப் பார்த்து, அதன் சாயலிலேயே. குண்டன் அனிவாரிதாசாரி என்ற தச்சரின் பெயர் இன்றும் அங்கே படிக்கக் கிடைக்கிறது. நந்திக்குச் சிவப்புத் துணி போர்த்தியிருக்கிறார்கள். பூசை நடக்கிறது. குருக்கள் விபூதி கொடுத்து எந்த ஊர் என்று கேட்டார். காஞ்சிபுரம் என்றேன். "அப்படியானால் உங்கள் கோயில்தான்" என்றார். நான் அழுதுவிட்டேன். அண்ணி ஒன்றும் கேட்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

திரும்பி வந்த வாரமே கைலாசநாதர் கோயிலுக்குப் போய் அந்தத் தூணைத் தேடினேன். சன்னதிக்கு முன்னால் உள்ள மண்டபத்தில், தூணின் பின்பக்கம். எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போய்விடலாம். சின்ன வயதில் அந்த மண்டபத்தில் ஒளிந்து விளையாடியிருக்கிறேன். ஒருமுறைகூட அந்த எழுத்தைப் பார்த்ததில்லை.

பாதாமியிலிருந்து விஜயபுராவுக்கு, அதாவது பழைய பீஜப்பூருக்கு, ரயிலில் மூன்று மணி நேரம். வழியில் ஆலமட்டியில் கிருஷ்ணாவைக் கடக்கிறோம். இங்கே எல்லோரும் பார்ப்பது முகமது அடில் ஷாவின் சமாதியான கோல் கும்பஸ். 1656-இல் இறந்த அவருக்காகக் கட்டிய குவிமாடம். வெளிவிட்டம் 44 மீட்டர். மூலைக் கோபுரத்தில் ஏழு அடுக்குக் குறுகல் படி ஏறி மேலே உள்ள வட்ட மாடத்தில் நின்று சுவரோடு மெல்லப் பேசினால் எதிர்ப்பக்கம் கேட்கும். முதல் நாள் பத்து மணிக்குப் போய் ஏமாந்தோம். சுற்றுலா வந்த பிள்ளைகள் ஆளாளுக்குக் கூச்சலிட, எதிரொலி ஏழெட்டு முறை திரும்பிவந்து காது அடைத்துவிட்டது. மறுநாள் கதவு திறக்கும்போதே போனோம். எங்களைத் தவிர யாருமில்லை. அண்ணி அந்தப் பக்கம் போய் நின்று, "முட்டி வலிக்கிறது, இறங்கலாமா" என்றார். என் காதருகே சொன்னதுபோல் கேட்டது.

ஆனால் எனக்குப் பிடித்தது இப்ராகிம் ரௌசா. ஒரே மேடையில் ஒரு பக்கம் சமாதி, ஒரு பக்கம் மசூதி, நடுவில் குளம். சன்னல்களில் எழுத்தையே சல்லடையாகக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே வெளிச்சம் அந்த எழுத்துகளின் வழியாகத்தான் வருகிறது. அங்கே உறங்கும் இரண்டாம் இப்ராகிம் அடில் ஷா சங்கீதத்தைப் பற்றிய தன் நூலில் சரஸ்வதியைப் போற்றிப் பாடிய சுல்தான். ஒரு மதியம் முழுக்க அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். யாரும் எழுப்பவில்லை.

சாப்பாட்டுக்கு இந்தப் பக்கத்தில் கானாவளி என்று கேட்க வேண்டும். வீட்டுச் சாப்பாட்டுக் கடைகள். தட்டிக்கொண்டே இருக்கும் சோள ரொட்டி, கடலை அரைத்த எண்ணெய்க் கத்தரிக்காய், கெட்டித் தயிர், பச்சை வெங்காயம், ஓரத்தில் இரண்டு பொடி. ஒன்று நிலக்கடலை. கறுப்பாக இருந்த இன்னொன்றை அண்ணி நாக்கில் வைத்ததும், "உச்செள்ளு! எங்கள் அம்மா இடிப்பது" என்று எழுந்து சமையற்கட்டுக்கே போய்விட்டார். அரை மணி நேரம் கழித்துக் காகிதத்தில் கட்டிய பொடியோடு வந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்களாம்.

கலபுரகி வழியாகப் பீதர் போய்ச் சேர்ந்தபோது ஒரே நாள்தான் மிச்சமிருந்தது. குறைந்தது இரண்டு நாள் வேண்டும். இந்தப் பயணத்தில் நான் செய்த தவறு அது. குருநானக் ஜீரா குருத்துவாராவில் அறை கொடுத்தார்கள், சாப்பாடு போட்டார்கள், எதற்கும் கட்டணம் கேட்கவில்லை. உண்டியலில் எங்களால் முடிந்ததைப் போட்டோம். 1472-இல் பாமினி அரசின் அமைச்சர் மகமூத் கவான் கட்டிய கல்லூரியின் முகப்பில் பாதி வெடிவிபத்தில் போய்விட்டது. நிற்கிற பாதியில் நீலமும் பச்சையுமான ஓடுகள் இன்னும் மின்னுகின்றன. பித்ரி பட்டறை ஒன்றின் வாசலில் ஒரு மணி நேரம் நின்றோம். துத்தநாகமும் செம்பும் கலந்து வார்த்த சிமிழில் உளியால் கொடி வரைந்து, அந்தக் கீறலில் வெள்ளிக் கம்பியைத் தட்டி இறக்குகிறார்கள். கடைசியில் பீதர் கோட்டை மண்ணையும் நவச்சாரத்தையும் கரைத்த நீரில் போட்டால் உலோகம் கறுத்துவிடும், வெள்ளி மட்டும் வெள்ளையாக நிற்கும். எந்த மண் சரியான மண் என்று அந்தப் பெரியவர் நாக்கில் வைத்துப் பார்த்துச் சொல்கிறார். அப்பா சரிகையை உரைகல்லில் தேய்த்துக் கண்ணருகே தூக்கிப் பார்ப்பது நினைவுக்கு வந்தது.

போகிறவர்கள் நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் நடுவில் போங்கள். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரி. அந்தக் கல்லில் கால் வைக்க முடியாது. சொந்தக் கார் வேண்டாம், பஸ் போதும். பாதாமியில் மூன்று இரவு வையுங்கள். எங்களுக்கு இரண்டு போதவில்லை. வெந்நீர் உண்டா என்று அறை எடுக்கும் முன் குழாயைத் திறந்து பாருங்கள். உண்டு என்று சொன்ன ஒரு விடுதியில் இரண்டு நாளும் பச்சைத் தண்ணீரில்தான் குளித்தோம்.

பாதாமியிலிருந்து 5 கிலோமீட்டரில் பனசங்கரி அம்மன் கோயில். நெசவாளர்கள் பலருக்கும் குலதெய்வம். புஷ்ய மாதப் பௌர்ணமியில் அங்கே தேர். வருகிற ஜனவரியில் அம்மாவும் வருகிறேன் என்கிறார். அறைக்கு அதே வாடகைதான், ரயிலுக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு ஆள் கூடுதல், அம்மாவுக்கு ஆட்டோ கொஞ்சம் அதிகம் வேண்டும். மூன்று பேருக்கு 16,000 என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.