யூடிஎஃப்8 என்ற பெயரை நம்பாதீங்க

தமிழ்ல டைப் பண்ணா ஒழுங்கா சேவ் ஆகுது, கூடவே ஒரு ஸ்மைலி போட்டா எரர் அடிக்குதா? புரோகிராம் கோடை (code) குடையாதீங்க, டேட்டாபேஸ் டேபிளைப் பாருங்க. மைஎஸ்க்யூஎல் (MySQL) டேட்டாபேஸ்ல, எழுத்துகளை பைட்டா சேமிக்கிற முறை (சார்செட்) வெறும் 'யூடிஎஃப்8' (utf8)னு இருந்தா ஒரு கேரக்டருக்கு 3 பைட் வரைக்கும்தான் தாங்கும். தமிழுக்கு 3 பைட் போதும், தப்பிச்சிடும். இமோஜிக்கு 4 வேணும். பேர் வச்சவங்களைத்தான் சொல்லணும்! நமக்கு வேண்டியது 'யூடிஎஃப்8எம்பி4' (utf8mb4).

மைஎஸ்க்யூஎல் 8.0-ல அதுதான் டீஃபால்ட். ஆனா அப்கிரேட் பண்ணிட்டதால பழைய டேபிள் தானா மாறிடாது. பேக்கப் எடுத்துட்டு ஒவ்வொண்ணா கன்வெர்ட் பண்ணணும். கனெக்‌ஷன் சார்செட்டையும் (ஆப்பும் டேட்டாபேஸும் பேசிக்கிற முறை) மாத்தணும், பலர் கோட்டை விடுறது இங்கதான். 5.6-ல ஓடுற பழைய புராஜெக்ட்னா இன்னொரு வில்லங்கம்: இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்குற பட்டியல்) வரம்பு 767 பைட். 255 கேரக்டர் நீள ஃபீல்டுன்னா, 3 பைட்ல 255×3 = 765, உள்ள அடங்கிடும். 4 பைட்ல 255×4 = 1020, அடங்காது; 191×4 = 764 தான் அடங்கும். அதான் பல இடத்துல 191-னு ஒரு விநோத எண்ணைப் பார்க்கிறீங்க.

டெஸ்டிங் நண்பர்களே, 'ஏபிசி123' போட்டுட்டு டிக்கெட்டை க்ளோஸ் பண்ணாதீங்க. 'கோபால்'னு போட்டுப் பாருங்க. பேரோட முதல் எழுத்தைக் காட்டுற புரொஃபைல் வட்டத்துல 'கோ'வுக்குப் பதிலா 'க' வந்தா, அது டேட்டாபேஸ் தப்பு இல்ல, ஃபிரண்ட்எண்ட்ல (திரையில காட்டுற பகுதி) யாரோ முதல் கேரக்டரை மட்டும் வெட்டியிருக்காங்க; கம்ப்யூட்டருக்கு 'கோ'ங்கிறது 'க'வும் 'ோ' குறியும் சேர்ந்த ரெண்டு கேரக்டர். முழு எழுத்தா பிரிக்க ஜாவாஸ்கிரிப்ட்ல 'Intl.Segmenter' இருக்கு.