மரம் நடப் போனால் மண்வெட்டிதான்: சாதனா ஃபாரஸ்டுக்குத் தொண்டுக்குப் போகிறவர்களுக்கு

புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் போகும் சாலையில் மொரட்டாண்டி. 27 அடி உயரச் சனீஸ்வரர் சிலையால் பலருக்கும் தெரிந்த ஊர். அதற்குப் பக்கத்தில், ஆரோவில்லின் ஓரத்தில் இருக்கிறது சாதனா ஃபாரஸ்ட், தொண்டர்களைக் கொண்டு பாழ்நிலத்தில் காடு வளர்க்கும் அமைப்பு. ஆட்டோக்காரரிடம் வெறுமனே ‘ஆரோவில்’ என்று சொன்னால் அங்குள்ள தியான மண்டபமான மாத்ரிமந்திரைப் பார்க்கப் போகிறவர்கள் இறங்கும் இடத்தில் விட்டுவிடுவார். பெயரை முழுதாகச் சொல்லுங்கள்.

இஸ்ரேலிலிருந்து வந்த அவிராம், யோரித் ரோசின் தம்பதி 2003 டிசம்பரில், மழை அரித்துத் தின்ற 70 ஏக்கர் செம்மண் நிலத்தில் இதைத் தொடங்கினார்கள். பிறகு 2010இல் ஹைட்டியிலும், 2014இல் கென்யாவின் சம்புரு பகுதியிலும் இதே வேலை தொடங்கியது. பல நாட்டில் இருந்தாலும் சின்ன அமைப்புதான். பெரும்பகுதி உழைப்பு வந்து தங்கிப் போகும் இளைஞர்களுடையது.

மரம் நடும் ஆசையில் வருகிறவர்கள் சிலர் முதல் வாரம் கன்றைத் தொடாமலேயே இருப்பார்கள். கையில் மண்வெட்டியோ, அடிப்பிடித்த அண்டாவோதான் இருக்கும். அதில் ஏமாற ஒன்றுமில்லை, அந்த நிலத்துக்கு முதலில் தேவை தண்ணீர். இந்தக் கரையோரத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,200 மி.மீ. மழை பெய்கிறது. கேட்க நிறையத்தான், ஆனால் அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும். மொட்டை நிலத்தில் விழுந்த மழை மேல்மண்ணை வாரிக்கொண்டு ஓடை ஓடையாகக் கிழித்து கடலுக்குப் போய்விடும். அதனால் முதல் வேலை மழைநீரைத் தடுத்து நிறுத்தும் மண் கரை போடுவது.

கரை போடுவதில் ஒரே ஒரு விதிதான் கறார்: மட்டம். கண்ணளவு சரிவைப் பற்றிப் பொய் சொல்லும். கொத்தனார்கள் பயன்படுத்தும் மட்டக்குழாய் போதும். தண்ணீர் நிரப்பிய தெளிவான குழாய், இரண்டு குச்சி, இரண்டு ஆள். குழாய்க்குள் காற்றுக் குமிழி இருந்தால் அளவு தப்பும், முதலில் அதை வெளியேற்றுங்கள். ஒரே மட்டத்தில் முளை அடித்து, அந்தக் கோட்டில் வாய்க்கால் வெட்டி, வெட்டிய மண்ணைச் சரிவின் கீழ்ப்பக்கம் போட வேண்டும். மண்ணை மொத்தமாகக் குவித்து மேலே மிதித்தால் உள்ளே பொக்கையாகவே இருக்கும். அரையடிக்கு ஒரு தரம் போட்டு, லேசாக நனைத்து, திமிசால் இடிக்க வேண்டும். புது மண் அமுங்கும் என்பதால் நினைத்த உயரத்துக்கு மேல் ஒரு சாண் கூட்டியே போடுங்கள்.

கரை உடைவது பெரும்பாலும் மூன்று காரணங்களால். ஓரிடத்தில் கரை நாலு விரல் தாழ்ந்திருந்தால் தேங்கிய நீர் முழுக்க அங்கேதான் வழியும், ஒரு மணி நேரத்தில் அது வாய்க்காலாகிவிடும். நண்டு வளை, கறையான் புற்று, மட்கும் கட்டை எது உள்ளே இருந்தாலும் நீர் அதைத் துளையாக்கிக்கொள்ளும். மூன்றாவது, கலிங்கல், அதாவது மிகுநீர் வெளியேறும் வழி, வைக்க மறப்பது. நம் ஏரிகளில் கலிங்கல் ஏன் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் கூட, சின்னக் கரைதானே என்று விட்டுவிடுகிறார்கள். ஓரத்தில் கல் பாவிய தாழ்வான வழி ஒன்று இருந்தே ஆகவேண்டும். இன்னொன்று: மேட்டிலிருந்து தொடங்கிப் பள்ளத்துக்கு வர வேண்டும். பெரிய ஓடையைப் பார்த்ததும் அதைக் குறுக்கே அடைக்கக் கை பரபரக்கும். மேலே தண்ணீரை நிறுத்தாமல் கீழே அடைத்தால் முதல் புயல் மழைக்கே கரை போகும்.

இங்கே நடுவது வறண்ட பசுமைமாறாக் காட்டின் மரங்கள். சோழமண்டலக் கரையின் ஒடுங்கிய பட்டையில் ஒருகாலத்தில் பரவியிருந்த காடு அது. இன்று பெரும்பாலும் கோயில் காடுகளில்தான் மிச்சம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டை ஒருமுறை பார்த்துவிட்டு வேலைக்குப் போனால், எதைத் திரும்பக் கொண்டுவரப் பார்க்கிறார்கள் என்பது புரியும். காயா, வீரை, பாலை, கருங்காலி எல்லாம் ஆமை வேகத்தில் வளர்பவை. ஆரோவில்லில் ஆரம்ப காலத்தில் சீக்கிரம் நிழல் வேண்டி ஆஸ்திரேலிய வேலமரத்தை நட்டார்கள், அவர்கள் பேச்சில் ‘வொர்க் ட்ரீ’. மண்ணைத் தேற்றிக் கொடுத்தது உண்மைதான். ஆனால் 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது அவை ஏராளமாகச் சாய்ந்தன.

கன்று நட ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடிக் குழி, ஆழமும் அதே. மேல்மண்ணைத் தனியாகக் குவியுங்கள், மட்கிய உரத்தோடு கலந்து வேரடிக்குப் போக வேண்டியது அதுதான். இந்தச் செம்மண்ணில் குழியின் சுவர் மண்வெட்டி பட்டு வழுவழுப்பாகிவிடும். அப்படியே நட்டால் குழி தொட்டியாகி வேர் உள்ளேயே சுற்றும், மழையில் நீரும் தேங்கும். கடப்பாறையால் சுவரை நாலு பக்கமும் கொத்திவிடுங்கள். பிளாஸ்டிக் பையைக் கிழிக்கும்போது மண் உருண்டை உடையக் கூடாது. முந்தின நாளே தண்ணீர் ஊற்றியிருந்தால் உடையாது. அடியில் சுருண்ட வேரைக் கத்தரித்துவிடலாம். கன்றைச் சுற்றிப் போடும் இலைதழை மூடாக்கு அரையடி உயரம் வேண்டும், ஆனால் தண்டைத் தொடாமல் நாலு விரல் தள்ளி. தண்டோடு ஒட்டிக் குவித்தால் கறையானுக்குப் படி கட்டிக் கொடுத்த மாதிரி.

இனி வாழ்க்கை வசதி. சவுக்குக் கழியும் கயிறும் கட்டிய, ஓலை வேய்ந்த குடிசைகளில் பலர் சேர்ந்து தங்க வேண்டும். மின்சாரம் சூரிய ஒளியிலிருந்து வருவது, அளவானது. கொசுவலை, டார்ச், மூடிய செருப்பு, இரண்டு பழைய பருத்திச் சட்டை, தலைக்குத் துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் துணி வேண்டாம், செம்மண் கறை போகவே போகாது. குளித்த தண்ணீர் மண்ணுக்கே போவதால் கடைச் சோப்பும் ஷாம்பூவும் ஆகாது. வெளிநாட்டுப் பிள்ளைகள் அதற்கான சோப்பைத் தேடி அலைவார்கள். நமக்குச் சீயக்காயும் பயத்தமாவும் இருக்கின்றன. மது, புகை, போதை எதற்கும் இடமில்லை.

சாப்பாட்டில் பால், தயிர், நெய், முட்டை எதுவும் கிடையாது. நம்மவர்கள் தடுமாறுவது இங்கேதான், தயிர்ச்சோறு இல்லாத மூன்றாம் நாள் முகம் வாடும். சமைக்கும் முறை உங்களுக்கு வந்தால், தலைக்கு 100 கிராம் அரிசி என்ற கணக்கில் தொடங்குங்கள், வேலை செய்த வயிறு கூடவும் கேட்கும். விறகடுப்பில் விரல் பருமன் காய்ந்த குச்சியை மட்டும் கொடுங்கள். வாய் நிறையத் திணித்தால் காற்றடைத்துப் புகைதான் வரும்.

கழிப்பறை உலர் முறை. சிறுநீர் தனி, மலம் தனி, கழுவும் தண்ணீர் தனி. முடித்ததும் மேலே மரத்தூள். பழக்கதோஷத்தில் ஒரு சொம்பு தண்ணீரை மலக்குழியில் ஊற்றினால் போதும், மட்காமல் அழுகி நாறும், புழு வைக்கும். அந்த வாரம் கழிப்பறைப் பணியில் இருப்பவர் உங்களை மறக்க மாட்டார்.

இரண்டு வாரத்துக்குக் குறைந்து போவதில் பொருளில்லை. வேலை பிடிபடவே மூன்று நான்கு நாள் ஆகும், அதுவரை உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவரின் நேரமும் செலவு. அவ்வளவு நாள் இல்லையென்றால் வெள்ளிக்கிழமை மாலை போங்கள். காட்டைச் சுற்றிக் காட்டி, சூழலியல் படம் ஒன்று போட்டு, இரவுச் சாப்பாடும் தருவார்கள். நேரத்தையும் வண்டி உண்டா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த மாதம் போவது? கரை வேலை வேண்டுமென்றால் ஆவணி, புரட்டாசி: முதல் மழைகள் விழுந்து மண் இளகியிருக்கும், பருவமழை இன்னும் தொடங்கியிருக்காது. நடவு வேண்டுமென்றால் ஐப்பசி. எல்லோரும் வர விரும்புவது மார்கழி, தை. குளிர் சுகம், கூட்டமும் அதிகம். சித்திரை, வைகாசியில் மண் செங்கல்லாக இறுகி, கடப்பாறை தெறிக்கும். போன ஐப்பசியில் நட்ட கன்றுகள் சாவதும் பிழைப்பதும் அந்த இரண்டு மாதத்தில்தான். குடம் சுமந்து ஊற்றவும் மூடாக்கைப் புதுப்பிக்கவும் ஆள் வேண்டும். கல்லூரி விடுமுறையும் அப்போதுதான் வருகிறது.